கமராவுக்குப் பக்கத்துக் கதிரை

அன்பு மகள் நிவேதாவுக்கு,

நான் நல்ல சுகம். நீ சுகமா என்று கேட்கத் தேவையில்லை. காலையில் ரெலிபோனில் நீ இருமியது எனக்குக் கேட்டது. இன்ஹேலரைக் கொண்டுபோனாயா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாய். உன் அறைக்குள் போய்ப் பார்த்தேன், அது மேசையில்தான் கிடக்கிறது. சிட்னியில் மருந்துக்கடை இல்லாமலா போய்விட்டது? முதலில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இதை வாசி. தமிழில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. இங்கிலீஷில் எழுதினால் நீ ஒரே மூச்சில் கண்ணை ஓட்டிவிட்டு 'ஓகே அம்மா' என்று ஒரு செய்தி அனுப்புவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி, வரிக்கு வரி நின்று நின்றுதான் வாசிப்பாய். எனக்கு அதுதான் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாக எடுத்துச் சோதனை எழுதியவள் நீ, தெரியாது என்று சாட்டுச் சொல்லாதே. விளங்காத இடத்தை விட்டுவிடு, ஆனால் கடைசிவரை வாசி. நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் நான் அழுவேன், நான் அழுதால் நீ சமாதானம் சொல்லத் தொடங்குவாய், பேச வந்த பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் நீ வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எழுதி, பக்கங்களை ரெலிபோனில் படமெடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்து வந்த ஒப்பந்தத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். ரீவித் தொடர். அதில் கதாநாயகியின் சிநேகிதியாக ஒரு டொக்டர் வேஷம். தொடர் நன்றாக ஓடினால் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். ஏஜென்டோடு நேரில் கதைத்து முடிவெடுக்கத்தான் சிட்னிக்குப் போயிருக்கிறாய். போவதற்கு முதல் கிழமை முழுக்க என் பின்னாலேயே திரிந்தாய். குசினியில் நான் கத்தரிக்காய் வெட்டும்போது கேட்டாய், உடுப்புக் காயப்போடும்போது கேட்டாய். "அம்மா, நான் போகட்டோ, நிக்கட்டோ? நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" ஒவ்வொரு தரமும் நான் சொன்ன மறுமொழி ஒன்றுதான். "உன்ர விருப்பம், பிள்ளை." நம் ஆட்கள் 'உன்ர விருப்பம்' என்று சொன்னால் அது எந்தப் பக்கம் சாயும் என்று இந்த நாட்டில் பிறந்த உனக்கும் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இருந்து பனிமலைக்குக் கூட்டிப்போகிறார்கள், போகட்டுமா என்று கேட்டாய். அதையே சொன்னேன், நீ போகவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டட்டுமா என்று கேட்டாய். அதையே சொன்னேன், நீ வெட்டவில்லை. இந்த முறையும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, எயார்போர்ட் வாசலில் காருக்குள் இருந்தபடி, "மேபல் அன்ரி நிண்டவதானே அம்மா, நானும் நிக்கிறன்" என்றாய். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அதைச் சாட்டாக வைத்து, ஒன்றும் சொல்லாமல் உன்னை இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

மேபல் அன்ரியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேறு யாரும் இதை வாசித்தால் இங்கே நோபல் பார்க்கில் நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் யாரோ ஒரு அன்ரி என்று நினைப்பார்கள். சின்ன வயதில் உனக்கு மூச்சு முட்டு வந்தால் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவுக்கு டண்டினோங்கில் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை, மூன்று மணிக்குத்தான் வெளிக்கிடுவார். ஆகவே மத்தியானத்தில் மூன்று பேரும் ஹீட்டருக்கு முன்னால் இருந்து பழைய அமெரிக்கப் படங்கள் பார்த்தோம். என் அம்மா பிள்ளையாக இருந்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள். அதில் ஒரு முகம் திரும்பத் திரும்ப வந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் எல்லாம் ஓடி முடிந்துவிடும். கடைசியில் ஒருநாள் கண்ணாடியை முதலே போட்டுக்கொண்டு காத்திருந்து, அடியில் சின்ன எழுத்தில் இருந்த பெயரைப் பிடித்துவிட்டார். மேபல். வளர்ந்த பெண்களை எல்லாம் அன்ரி என்று கூப்பிட வேண்டும் என்று நாங்கள் பழக்கியிருந்தோம், நீ உடனே "மேபல் அன்ரி" என்றாய். கதாநாயகியை மட்டும் அன்ரி என்று சொல்லமாட்டாய். ஏன் என்று கேட்டால், "அவ அன்ரி இல்லை, அவ வடிவு" என்பாய்.

உனக்கு நினைவிருக்கிறதா, அந்தப் படங்களில் மேபல் அன்ரிக்கு என்ன வேலை என்று? கதாநாயகி வெளியிலிருந்து வந்தால் அவள் கழற்றும் கோட்டை வாங்கிக் கொக்கியில் கொழுவுவார். ரெலிபோன் அடித்தால் எடுத்து, உனக்குத்தான் என்று நீட்டுவார். கலியாணத்தில் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். நேர்ஸாக வருவார், காரியதரிசியாக வருவார், பக்கத்து வீட்டுப் பெட்டையாக வந்து சீனி இரவல் கேட்பார். எல்லாவற்றையும் உண்மையாகச் செய்வார். கோட்டைக் கொழுவும்போதுகூட அதன் கழுத்துப் பக்கத்தை ஒருதரம் தடவிவிட்டுத்தான் கொழுவுவார். அப்பாவுக்கு அவர்மேல் பெரிய இரக்கம். "இஞ்ச பார், மற்றவளுக்குக் கலியாணம் கட்டிக் குடுத்துப்போட்டு இவ திரும்பவும் தனியப் போறா. ஆரும் பேசிக் குடுக்க ஆளில்லைப் போல" என்று கவலைப்படுவார். ஒரு படத்தில் ஹோட்டலில் வேலை செய்யும் ஒரு மெலிந்த மனிதரை அவருக்குப் பொருத்தம் பார்த்து வைத்திருந்தார். அந்த மனிதர் அடுத்த காட்சியில் கார் மோதிச் செத்துப்போக, அப்பா தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஹைஸ்கூலுக்குப் போன பிறகு இன்டர்நெட்டில் அவரைப் பற்றித் தேடிப்பிடித்து எங்களுக்கு வந்து சொன்னது நீதான். நிலக்கரி தோண்டும் ஒரு ஊரில் பிறந்து, தேவாலயத்தில் பாடி, நடனக்கூட்டத்தில் பின்வரிசையில் ஆடி, அப்படியே ஹொலிவுட்டுக்கு வந்தவர். சினிமாக் கம்பெனி ஏழு வருஷத்துக்கு எழுதி வாங்கியது. வாயில் நுழையவில்லை என்று அவருடைய குடும்பப் பெயரை வெட்டிவிட்டு வேறொன்றை ஒட்டினார்கள். கொடுத்த வேஷத்தைக் கட்ட வேண்டும். மாட்டேன் என்றால் வேலையை நிறுத்திவைத்து, நின்ற மாதங்களையும் ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்துவிடுவார்கள். மற்றக் கம்பெனிகளுக்கும் இரவல் சட்டி மாதிரிக் கொடுத்து வாங்கினார்கள். ஒரேயொரு படத்தில்தான் அவர் கதாநாயகி. அது செலவில்லாமல் அவசரமாக எடுத்த படம். பெரிய படம் தொடங்குவதற்கு முதல், சனங்கள் கதிரை தேடி இருக்கிற நேரத்தில் போடுகிற படம். அது ரீவியில் வந்த அன்று அப்பா சுகமில்லை என்று பொய் சொல்லி வேலைக்குப் போகாமல் நின்றார். மேபல் அன்ரி அதில் ரயில் நிலையத்தில் டிக்கெட் விற்கிறவர். ஒரு நீளமான காட்சியில், ஊரைவிட்டுப் போகிற மனிதனுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு மிச்சக் காசை எண்ணுவார், எண்ணிக்கை பிழைக்கும், திரும்ப எண்ணுவார். வேறொன்றும் நடக்காது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். "பாத்தியே, இவவாலை ஏலும்" என்றார் அப்பா, ஏதோ தன் சொந்தத் தங்கச்சி சோதனை பாஸ் பண்ணிய மாதிரி. அடுத்த படத்தில் மேபல் அன்ரி திரும்பவும் கோட்டு வாங்கிக் கொழுவினார்.

இன்னொன்றும் நீதான் எங்கோ வாசித்துவிட்டு வந்து சொன்னாய். பெரிய நடிகையின் முகத்தைக் கிட்ட வைத்துப் படம் பிடிக்கும்போது எதிரில் பேசுகிற ஆள் படத்தில் தெரியமாட்டார். ஆகவே அநேகர் தங்கள் அறைக்குப் போய்ச் சிகரெட் பிடிப்பார்களாம். யாராவது ஒரு உதவியாள் பேப்பரைப் பார்த்து வசனத்தை ஒப்பிப்பாராம். மேபல் அன்ரி போகமாட்டார். கமராவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தன் வசனத்தை முழுமனதோடு பேசுவார். அழ வேண்டிய இடத்தில் உண்மையாக அழுவார். அந்தக் கண்ணீர் ஒரு படத்திலும் இல்லை. ஆனால் எதிரில் இருந்த நடிகைக்கு அதைப் பார்த்துத்தான் கண் கலங்கும். பெரிய நடிகைகள் தங்கள் படங்களுக்கு அவரைக் கேட்டு வாங்கியது அதற்காகத்தான் என்று சொன்னாய். அதற்குப் பிறகு நாங்கள் படம் பார்க்கிற விதமே மாறிவிட்டது. கதாநாயகி ஒருத்தி கிட்டத்தில் வந்து கண் கலங்கினால், அப்பா ரீவிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டி, "உதுக்கை மேபல் இருக்கிறா" என்பார்.

நீ மருந்தாளர் படிப்பை ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு நடிப்புப் படிக்கச் சிட்னிக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர் எல்லோரும் அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்றார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். அப்பாதான் உன் பெட்டியைக் காரில் ஏற்றினார். அப்பா காலமான பிறகு, கொஞ்ச நாள் நிற்கிறேன் என்று வந்த நீ இங்கேயே தங்கிவிட்டாய். ஏஜென்ட் சிட்னியில், நீ மெல்பேணில். ஒரு கடையில் பகுதிநேர வேலை, நடுவில் ஒரு விளம்பரம், ஒரு நாடகம், ஆஸ்பத்திரித் தொடரில் நாலு நாள் நேர்ஸ். கோயிலில் கேட்பவர்களுக்கு நான் பெருமையாகச் சொல்வேன், "நான் கூப்பிடேல்லை, அவளாத்தான் வந்தவள்" என்று. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷங்களில்தான் நம் வீட்டு முன்னறை ஸ்டூடியோ ஆனது. வாய்ப்புக் கேட்பவர்கள் இப்போது நேரில் போவதில்லை, வீட்டிலேயே காட்சியை நடித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்றாய். சுவரில் என் நீலக் கட்டில் விரிப்பைக் குண்டூசியால் குத்தினாய். ரெலிபோனை முக்காலியில் பூட்டினாய். எதிர் ஆளின் வசனத்தை வாசிக்க ஒருவர் வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்? சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து கால் நீட்டலாம் என்று நினைத்த என்னைப் பிடித்துக் கமராவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருத்தினாய். முதல் நாள் நான் பொலிஸ்காரன். நேற்று எங்கே இருந்தாய் என்று கேட்க வேண்டும். நான் கேட்ட கேள்வியில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"என்னடி பிள்ளை, பொலிஸ்காரன் இப்பிடிக் கேக்கமாட்டானோ?"

"அம்மா, நீங்கள் என்னைக் கடைக்கு அனுப்பிப்போட்டு மிச்சக் காசு கேக்கிற மாதிரிக் கேக்கிறீங்கள். ஜஸ்ட் ரீட் இட். நடிக்க வேண்டாம்."

நடிக்காமல் எப்படி வாசிப்பது? எனக்குத் தெரியவில்லை. உன் காதலனாக வாசித்தேன், வக்கீலாக வாசித்தேன், வீட்டைவிட்டுத் துரத்துகிற தகப்பனாக வாசித்தேன். துரத்துகிற இடத்தில் நானே அழுதுவிட்டேன். "அம்மா, ப்ளீஸ், அழ வேண்டியது நான், நீங்கள் இல்லை" என்று நீ கத்தினாய். பிறகு உன் ஏஜென்ட், தாயாரின் உச்சரிப்புக் கவனத்தைக் கலைக்கிறது, முறையாகப் படித்த ஒருவரை வைத்து வாசிக்கச் சொல் என்றார். உன்னோடு படித்த ஒரு பொடியன் வந்தான். நல்ல பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான், என்ன மாதிரி இங்கிலீஷ்! நான் குசினிக்குள் நின்று வடை சுட்டுக் கொடுத்தேன், காதை முன்னறையில் வைத்துக்கொண்டு. நாலைந்து தடவை வந்திருப்பான். பிறகு ஒரு சனிக்கிழமை நீயே என்னைத் திரும்பக் கூப்பிட்டாய். ஏனடி, அவனுக்கு என்ன என்று கேட்டேன். "அவன் நல்லா வாசிக்கிறான் அம்மா. ஆனா நீங்கள் என்னைப் பாக்கிறீங்கள்" என்றாய். உனக்கு அது நினைவில் இருக்காது. நான் அன்று வடைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து அந்தக் கதிரையில் இருந்தபோது, எனக்கு யாரோ பொன்னாடை போர்த்த மாதிரி இருந்தது.

இந்த அமெரிக்கத் தொடருக்கும் நாம் இரண்டு பேரும்தான் செய்தோம். நான் கதாநாயகி, பார். உன்னைவிட எனக்குப் பெரிய வேஷம். என் நோய் மாறாது என்று டொக்டர் சிநேகிதி எனக்குச் சொல்ல வேண்டும். நீ உடனே சொல்லவில்லை. என் கையில் இல்லாத ஒரு பையை வாங்குவதுபோல் கையை நீட்டி, அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அதன் பிறகு சொன்னாய். பேப்பரில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் என் வசனத்தை மறந்துவிட்டேன். அந்த வேஷம் உனக்குக் கிடைத்த செய்தி வந்தபோது நீ துள்ளுவாய் என்று பார்த்தேன். நீ மூஞ்சியை நீட்டினாய். "திரும்பவும் சிநேகிதிதான் அம்மா. இத்தனை வருஷம் போயும் சிநேகிதி." எனக்கு ஆத்திரம் வந்தது, சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உலகத்தில் எத்தனை கோடிப் பேர் அந்தப் படங்களைப் பார்த்திருப்பார்கள். டண்டினோங்கில் பின்னேர வேலைக்குப் போகிற ஒரு மனிதன் எந்தக் கதாநாயகிக்காகவும் கவலைப்படவில்லை, கோட்டுக் கொழுவுகிறவளுக்காகத்தான் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனான். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நீ. சிநேகிதி வேஷம் என்று என்னிடம் சலித்துக்கொள்ளாதே.

சரி, கோபத்தை விடுகிறேன். நீ எயார்போர்ட்டில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மேபல் அன்ரி நின்றார் என்ற கதையை உனக்கு ஊட்டியதே நான்தான். அவருடைய தாயாருக்குப் பாரிசவாதம் வந்ததும் படங்களை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று நீ கண்டுபிடித்து வந்தபோது எனக்கு அவர்மேல் இருந்த பிரியம் இரண்டு மடங்காகிவிட்டது. அந்த வருஷம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குத் தலைப்பு, பெற்றோரைப் பேணல். மற்றப் பிள்ளைகள் எல்லாம் புராணத்துக்குப் போக, நான் உனக்கு மேபல் அன்ரியை எழுதிக் கொடுத்தேன். பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, கையை ஆட்டி ஆட்டி, "பேரும் புகழும் பெரிதல்ல, பெற்றவளே பெரிது என்று ஹொலிவுட்டை உதறித் தள்ளினார் மேபல் அம்மையார்" என்று நீ முழங்கியதும் நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெள்ளைக்காரியை உதாரணம் காட்டினால் என்ன, கருத்துச் சரிதானே என்று முதற்பரிசு தந்தார்கள். அந்தக் கிண்ணம் இப்போதும் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நம்மவர்களைத் தவிர வேறு யாரும் ஒரு நடிகையின் கதையில் இருந்து இப்படி ஒரு புத்திமதியைப் பிழிந்து எடுத்திருக்கமாட்டார்கள். எனக்கு அதில் அப்போது ஒரு பிழையும் தெரியவில்லை.

உன்னை இறக்கிவிட்டு வந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பார்ப்போம் என்று மேபல் அன்ரியின் பெயரைப் போட்டுத் தேடினேன். அவர் நன்றாக வயதுபோன காலத்தில் யாரோ எடுத்த ஒரு பேட்டி இருந்தது. நீ இதைப் பார்த்தாயோ தெரியாது, பார்த்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. தலை முழுக்க வெள்ளை. அவருக்கும் வயது போகும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை, திடுக்கிட்டுப்போனேன். அந்த இங்கிலீஷ் எனக்கு உடனே பிடிபடவில்லை, நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்டேன். தாயாருக்காக எல்லாவற்றையும் விட்டீர்களே, கவலை இல்லையா என்று பேட்டி எடுத்தவர் கேட்கிறார். அம்மாவைப் பராமரித்ததில் எனக்கு ஒரு கவலையும் இல்லை, இன்னொரு தரமும் பராமரிப்பேன் என்கிறார். பிறகு சிரித்துக்கொண்டே மற்றதைச் சொல்கிறார். போய் ஒரு வருஷத்தில் கம்பெனியில் இருந்து ரெலிபோன் வந்ததாம், கொஞ்சம் பெரிய வேஷம், வா என்று. தாயாரைப் பார்த்துக்கொள்ளப் பெரியதாயார் இருந்தாராம். தாயாரின் கட்டிலடியில் போய், போகட்டுமா என்று கேட்டாராம். தாயார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அது உன்னுடைய விருப்பம் என்றாராம். இவர் வரமாட்டேன் என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். பார்க்க வருகிற ஆட்களிடம் தாயார், நான் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள் என்று சொல்வது அடுத்த அறையில் இருக்கிற இவருக்குக் கேட்குமாம். தாயார் செத்த பிறகு ஹொலிவுட்டுக்குத் திரும்பிப் போனபோது சிநேகிதி வேஷத்துக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். நில் என்று அம்மா ஒரு சொல் சொல்லியிருந்தால் சந்தோஷமாக நின்றிருப்பேன், போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன், இரண்டும் சொல்லாமல் விட்டதால் யாரோடு கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி, அந்தக் கிழவி இன்னமும் சிரிக்கிறார்.

நான் அதை நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போய் நின்றேன். மேபலின் தாயாரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என்ன மனுசி இவ, வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் என்ன என்று வாய்விட்டே ஏசினேன். ஏசி முடிய, நான் ஆரை ஏசிக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தது. அதே குசினி, அதே கத்தரிக்காய்ப் பலகை. எனக்கு வெட்கமாக இருந்தது, பிள்ளை.

ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். என் விருப்பத்தைக் கேட்டாய். நீ போகக்கூடாது என்பதுதான் என் விருப்பம். பெத்த மனம் பித்து என்று சொல்வார்கள், அது எனக்கு அச்சொட்டாகப் பொருந்தும். நீ குளிக்கும்போது வசனம் பாடமாக்குகிற சத்தம் எனக்கு வேண்டும். நீ குளித்த பிறகு குழாய்க்குள் அடைக்கிற தலைமயிர்கூட வேண்டும், அதற்கு நான் ஏசவும் வேண்டும். இரண்டு பேருக்கு அரிசி போட வேண்டும். இந்த இரண்டு நாளாக ஒருவருக்குப் போட்டுப் பார்த்தேன், சோறு பானையின் அடியில் ஒட்டிக்கொண்டு பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. நீல விரிப்பைச் சுவரில் இருந்து கழற்றித் தோய்க்கலாம் என்று கிட்டப் போனேன், கை வரவில்லை. நீ அங்கே போனால் எதிர் வசனத்தை யார் யாரோ பேசுவார்கள், உன் முகத்தை நான் மற்ற எல்லோரையும் போலப் பெட்டிக்குள்தான் பார்க்க வேண்டும். நில் என்று சொல்லவும் ஒரு தாய்க்கு உரிமை இருக்கிறது, சொன்னால் நீ நிற்பாய் என்றும் தெரியும். சொல்லலாமா என்று இரண்டு நாளும் யோசித்தேன்.

ஆனால் நீ வேலை செய்யும்போது உன் முகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது, பாவம், அவர் அந்தக் கதிரையில் ஒருநாளும் இருந்ததில்லை. உன் ஏஜென்டுக்கும் இவ்வளவு கிட்டத்தில் தெரியாது. இல்லாத பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நீ நிமிர்ந்து பார்த்தாயே, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இஞ்சையே நில் என்று சொல்ல என்னால் முடியாது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, காலில் கொஞ்சம் நோவு, அவ்வளவுதான். வேலை இருக்கிறது, எழுபது சின்னப் பிள்ளைகள் மத்தியானம் என் சோற்றுக்குக் காத்திருக்கிறார்கள். நாளைக்கு ஏதும் வருத்தம் வந்து நீ வேண்டும் என்றால், வா என்று வாய்திறந்து கூப்பிடுவேன். உன்னை ஊகிக்க விடமாட்டேன். போனால் நேரத்துக்குச் சாப்பிடு. கார் ஓடும்போது ரெலிபோனை நோண்டாதே. நிவேதா என்ற பெயரை யாராவது வெட்டச் சொன்னால் வெட்டக் கொடுக்காதே, அது அப்பா வைத்த பெயர். மற்ற நடிகைக்குக் கமரா திரும்பியிருக்கும்போது அறைக்குப் போய்விடாதே, இருந்து பேசு. கலியாணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை, கவனித்தாயா? என்ன கஷ்டப்பட்டு அடக்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கையெழுத்தைப் போடு, மகள். நீ போக வேண்டும். இது உன்ர விருப்பம் இல்லை, அம்மாவின் முடிவு. நாளைக்கு அங்கே மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போவாய்தானே, அங்கே தெரிந்த அன்ரிமார் உன்னைச் சுற்றிப் பிடிப்பார்கள். அமெரிக்காவுக்கோ, அப்ப அம்மா தனியவோ, ஒரே பிள்ளை இப்பிடி விட்டிட்டுப் போகலாமோ என்று கேட்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. நீ தலையைக் குனியாதே, காரணம் ஒன்றும் சொல்லாதே. "அம்மாதான் அனுப்பினவ" என்று சொல்லு. என்னிடம் கேட்பவர்களுக்கு நானும் இனி அதைத்தான் சொல்வேன், அவளாகப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன் என்று.

அம்மா